எஞ்சின் சூட்டில் வந்த நூடுல்ஸ்: திருவண்ணாமலை – வேலூர் – திருவண்ணாமலை

கிரிவலத்துக்கு வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "அங்க சைனீஸ் எங்க நல்லா இருக்கும்?" என்பதுதான். மலையைப் பற்றிக் கேட்பதில்லை, கோயிலைப் பற்றிக் கேட்பதில்லை, நூடுல்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள்! கேட்கட்டும், சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் சொல்லப்போகும் பயணம் எண்பதுகளில் நடந்தது. உள்ளூரிலேயே வாங்கிய நூடுல்ஸை எண்பது கிலோமீட்டர் கொண்டுபோய், எண்பது கிலோமீட்டர் திரும்பக் கொண்டுவந்து சாப்பிட்டேன். பைத்தியமா என்று கேட்பதற்கு முன்னால் காரணத்தைக் கேட்டுவிடுங்கள்.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். வீட்டுக்காரர் வேலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வேலூருக்கு வைத்தியத்துக்காகக் கல்கத்தா பக்கத்திலிருந்து நிறைய பேர் வருவார்கள். அவர்களை நம்பி ஒரு மாடியில் சைனீஸ் ஓட்டல் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் இவர் அங்கே நூடுல்ஸ் வாங்கி, டிபன் கேரியரில் போட்டு, டிரைவர் பக்கத்தில் இருக்கும் பேனட்டின் மேல் வைத்துக் கொண்டுவந்தார். அந்தக் கால பஸ்ஸில் எஞ்சின் உள்ளேதான் இருக்கும். அதன் மூடிமேல் வைத்தால் டீகூட ஆறாது. கண்ணமங்கலம், போளூர் வழியாக இரண்டரை மணி நேரம் குலுங்கி வந்ததைத் திறந்து கவிழ்த்தால், கேரியர் வடிவத்திலேயே ஒரு கட்டி தொப்பென்று தட்டில் விழுந்தது.

"இன்னாங்க இது, கேக்கா?"

"இடியாப்பம் மாதிரி இருக்கும்னு ஓட்டல்காரன் சொன்னான், கவுரி. கட்டும்போது நூல் நூலாத்தான் இருந்துச்சு."

இடியாப்பம் என்று சொன்ன பிறகு எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்? பிய்த்து இட்லித் தட்டில் வைத்து ஆவி காட்டினேன். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி அரைத்தேன். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அதுல தவளை கிவளை போட்டிருப்பான். அந்தப் பானைல இனிமே எனக்கு இட்லி வேணாம்." நல்லதாகப் போயிற்று, எங்களுக்குப் பங்கு ஜாஸ்தி. அவருக்காக வேறு இட்லிப் பானை வாங்கினோம். பழைய பானைக்கு எங்கள் வீட்டில் "சைனா பானை" என்று பேராகிவிட்டது.

மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கேரியர் வரும். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பங்கரையிலேயே ஒரே தட்டில் சாப்பிடுவோம். அன்றைக்கு பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் ஆட்டுக்குட்டியைப் புடவைக்குள் மறைத்து ஏற்றினார்கள் என்று குரலை மாற்றி மாற்றிச் சொல்லுவார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

இருந்தாலும் மனுஷ ஆசை சும்மா இருக்குமா? ஒருமுறையாவது அந்த ஓட்டலிலேயே உட்கார்ந்து, சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு வருஷம் நச்சரித்தேன். கடைசியில் அவர் லீவு நாளில் கிளம்பினோம். காலை ஒன்பது மணி பஸ். அந்த வண்டிக் கண்டக்டர் இவரோடு வேலை செய்பவர் என்பதால் டிக்கெட் கிழிக்க மாட்டேன் என்றுவிட்டார், ஆகவே அன்றைய கட்டணம் எனக்குத் தெரியாது. இவருக்குப் பயணியாக உட்காரவே தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாய் தானாக ஊர்ப் பேரை முணுமுணுத்தது. போளூரில் எழுந்து, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே விட்டார். பஸ்ஸே சிரித்தது.

பதினொன்றரைக்கு வேலூர். மாடி ஏறினால் சிவப்புக் கண்ணாடி விளக்கு, மேஜைமேல் பச்சை மிளகாய் ஊறிய வினிகர் கிண்ணம். ஆவி பறக்க வந்தது நூடுல்ஸ். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக வழுக்கியது. முள்கரண்டியில் எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் மடியில் விழுந்தது. கோஸ் கறுக்முறுக் என்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. சர்வரிடம் மெதுவாக "வேர்க்கடலைச் சட்னி இருக்குங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வினிகர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு வருசமா உயிர வாங்குனியே, இப்ப இன்னா முழிக்கிற? நல்லா இல்லியா?"

"ஏங்க, இதக் கட்டிக் குடுக்கச் சொல்லுங்க. வூட்டுக்குப் போயிடலாம்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேரியர் எடுத்துப் போகவில்லையே! வாழையிலை, பேப்பர், மேலே அவர் துண்டு என்று மூன்று சுற்றுச் சுற்றி, பேனட்டின் மேல் வைத்து ஊர் வந்து, சைனா பானையை ஏற்றினோம். அன்றைக்குச் சாப்பிட்டதுபோல நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் அவர் மஸ்கட்டுக்குப் போனார். கம்பெனி பஸ்ஸில் வேலை. இரண்டு வருஷம் என்று போனவர் ஐந்து வருஷம் இருந்தார். கடிதம் வரும், துணி வரும், சென்ட் பாட்டில் வரும். எனக்கு அவர் அல்லவா வேண்டும்?

அவர் போன மூன்றாம் வருஷம், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காகச் செங்கம் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் நூடுல்ஸ் போட ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்து நடந்தால் அரைமணி நேரம். வாங்கி வந்து ஆவி காட்டிச் சட்னியோடு சாப்பிட்டேன். ருசி வரவில்லை. மறுபடி வாங்கி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்த்தேன். புளித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் புரிந்தது, அது பேனட்டின் மேல் வேக வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை, கேரியரில் நூடுல்ஸோடு அவருடைய பழைய பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் அண்ணன் மட்டும் பழைய ஆள். கேரியரை நீட்டினேன்.

"இன்னாம்மா இது? எல்லாரும் வேலூர்லேர்ந்து வாங்கினு வருவாங்க, நீ இங்கேர்ந்து எடுத்துனு போறியா? யாருக்கு?"

"யாருக்கும் இல்லண்ணே. திரும்பி இதே வண்டிலதான் வருவேன். வேலூர்லேர்ந்து கெளம்பும்போது இத பேனட்டு மேல வச்சுடுங்க, போதும்."

போகும்போது கேரியர் என் மடியில் இருந்தது. வேலூரில் டிரைவர் அண்ணனே அதை வாங்கி, வழக்கமான இடத்தில் வைத்து, நகராமல் ஒரு சாக்கை மடித்து முட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் கவிழ்த்தேன். தொப்! அதே கட்டி. ஆவி காட்டி, சட்னி அரைத்து, ஒரு வாய் வைத்தேன். அதே ருசி, துளிக்கூட மாறவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ருசி கிடைக்காதவரைக்கும் ருசியைத்தான் தேடுகிறேன் என்று நினைத்திருந்தேன். கிடைத்த பிறகு அந்தச் சாக்குப்போக்கும் போய்விட்டது. மாமியார் வந்து பார்த்தார். எதிரில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "தவளை இல்லதான் போல" என்றார்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செங்கம் ரோட்டில் இன்று தடுக்கி விழுந்தால் சைனீஸ் கடை. பௌர்ணமியன்று மட்டும் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. வேலூருக்கு நாள் முழுக்க பஸ் உண்டு. போளூர் வழி வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். இப்போதைய பஸ்களில் பேனட் மேல் எதையும் வைக்க விடுவதில்லை, ஆகவே என் சமையல் குறிப்பு உங்களுக்கு உதவாது. எந்தக் கடை என்று என்னைக் கேட்பதற்கு முன்னால், கூட யார் வருகிறார்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பாதி ருசி அங்கேதான் இருக்கிறது.

அவர் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. குளித்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்கு வந்து, கேரியரை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"இந்த ஊர்ல எங்க கெடைக்கப் போவுது? வேலூர் போயி வாங்கியாந்துடறேன். நீ சட்னி அரைச்சு வை கவுரி."

செங்கம் ரோட்டுக் கடையைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

"சட்னி வந்து அரைச்சுக்கலாம். இருங்க, நானும் வர்றேன்" என்று செருப்பைத் தேடினேன்.