வயிற்றுக்குத் தெரியாமல் போகும் மருந்து

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சமையல் மேடையில் மூன்று கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு டம்ளருக்கு முன்னாலும் ஒரு துண்டுச் சீட்டு. அடுப்பில் ஒன்றும் இல்லை.

கடைக்குக் கிளம்பி வந்த என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சுமதி இது? டிபன் எங்க?"

"பேசாதீங்க. மருந்து வேலை செய்யுது, பாத்துனு இருக்கேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். டம்ளர்ல."

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

இவருக்குத் தேரடி வீதியில் பாத்திரக்கடை. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம் நள்ளிரவு வரை கடையில் நிற்கும். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. விளைவு, நெஞ்செரிச்சல். காலையில் வெறும் வயிற்றில் போட டாக்டர் ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்தார். இவரும் தவறாமல் போட்டார். எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது முறை போனபோது டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. "மருந்து ஒழுங்கா போட்டும் கேக்கலைன்னா, அடுத்த தடவை குழாய் விட்டு உள்ள பாத்துடலாம்" என்றார்.

பல் துலக்கும் பிரஷ் கொஞ்சம் உள்ளே போனாலே இவருக்குக் குமட்டும். இதில் குழாயா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் உச்சரிக்கவில்லை. மாடியில் தண்ணீர் வராதபோதுகூட "பைப்பு அடைச்சிருக்கு" என்றுதான் சொன்னோம்.

என் பயம் வேறு. இவருடைய அண்ணனுக்கும் இப்படி மருந்துக்குக் கேட்காத எரிச்சலில்தான் ஆரம்பித்தது. அண்ணன் இப்போது இல்லை. இதை நாங்கள் இரண்டு பேருமே வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை... ஆனால் இவர் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது.

அந்தத் திங்கட்கிழமை மருந்து டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தேன். பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைப்பது என் வழக்கம். கேப்சூல் அட்டையின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

நசுக்கவோ மெல்லவோ கூடாது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், இவர் தினமும் செய்தது அதைத்தான்.

இவர் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். கேப்சூலின் கூடு மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த பசையில் செய்வது என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் இவர் காதில் போட்டுவிட்டார். பெரும்பாலான கூடுகள் அப்படித்தான், பொய்யில்லை. உடனே இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஜவ்வரிசியைவிடச் சின்ன வெள்ளை முத்துகளைக் கொட்டிக்கொள்வார். கூடு குப்பைக்கு. முத்துகள் கல்வத்துக்கு. கடையிலிருந்தே எடுத்து வந்த, மருந்து அரைக்கும் சின்னக் கல்வம். தேன் விட்டு, மை போல அரைத்து, நாக்கில் தடவிக்கொள்வார். தலைமுறை தலைமுறையாகச் சித்த மருந்து குழைத்த வீட்டுக் கை அல்லவா? "நல்லா கொழைச்சாதான் ஒடம்புல ஒட்டும்" என்பார். தேன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

செங்கம் ரோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நஸீமா என் தோழி, ஃபார்மஸி படித்தவள். அட்டையோடு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, அந்த முத்துங்களையா இடிச்சாரு? ஒவ்வொரு முத்துக்கும் மழைக்கோட்டு மாட்டி அனுப்பியிருக்கான் கம்பெனிக்காரன். உங்க வீட்டுக்காரரு கோட்டைக் கழட்டிட்டு மழையில தள்ளி உட்டுருக்காரே!"

"எந்த மழை?"

"வயித்துல இருக்கிற ஆசிட்டு! இந்த மருந்து அதுல பட்டா கெட்டுப்போயிடும்க்கா. கோட்டோட வயித்தைத் தாண்டி, குடலுக்குப் போயிதான் கரையணும். அங்கேருந்து ரத்தத்துல ஏறி, திரும்ப வயித்துக்கு வந்து, ஆசிட்டு ஊறுறதை கம்மி பண்ணும்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். யோசித்துப் பாருங்கள் — வயிற்றுக்கான மருந்து, வயிற்றுக்கே தெரியாமல் அதைக் கடந்து போய், ரத்தத்தின் வழியாகக் கொல்லைப்புறமாக உள்ளே நுழைகிறது! எவனோ உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறானே... என்ன மூளை!

ஆனால் வாயால் சொன்னால் இவர் நம்ப மாட்டார். பாத்திரத்தைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்காதவர். அதனால்தான் மூன்று டம்ளர்.

முதல் டம்ளரில் எலுமிச்சைச் சாறு, முழு முத்துகள். இரண்டாவதில் அதே சாறு, அரைத்த முத்துகள். மூன்றாவதில் சமையல் சோடா கரைத்த தண்ணீர்; முழு முத்துகள். சாறு வயிறு மாதிரி, சோடா குடல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டிபன் கிடைக்காத கோபத்தில் இவர் பேப்பரை விரித்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. முதல் டம்ளரில் முத்துகள் கல்லுப் பிள்ளையார் மாதிரி அடியில் அசையாமல் இருந்தன. மூன்றாவதில் ஓரம் கரைந்து, உருவம் குலைந்து, தண்ணீர் மெல்லக் கலங்கியது. இரண்டாவதில்... நிறம் மாறத் தொடங்கியது! முதலில் மஞ்சள். பிறகு பழுப்பு.

"இங்க வாங்க! சீக்கிரம்!"

வந்தார். குனிந்தார். சீட்டுகளைப் படித்தார். பழுப்பு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தனை நாளா இன்னாத்த தின்னேன்?"

"தேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... மருந்துக்குக் கேக்காத வியாதி இல்ல இது. மருந்தே உள்ள போகல. அப்படித்தான?"

"அப்படித்தாங்க இருக்கணும்."

அண்ணன் போன பிறகு அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு தளர்வு — நல்ல தளர்வு.

டாக்டருக்கு ஃபோன் செய்தோம். முதலில் திட்டினார், பிறகு சிரித்தார். கூடு இல்லாமல், மேல்பூச்சோடு வரும் ஒரு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். "இதையும் ஒடைக்காதீங்க, இடிக்காதீங்க, அப்படியே முழுங்குங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு, அப்புறம் குழாயைப் பத்திப் பேசலாம்."

எனக்கோ அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. மருந்து டப்பாவை மறுபடி கவிழ்த்தேன். இத்தனை வருடங்களாகத் தேதி பார்த்து அடுக்கினேனே தவிர, எது எப்படிப் பயணம் செய்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சுவலிக்காக வைத்திருக்கும் குட்டி மாத்திரை நாக்குக்கு அடியிலேயே கரைந்து, நேராக ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அதை விழுங்கினால் பாதி வேகம் போச்சு. என் இன்ஹேலர் மருந்தை மூச்சுக்குழலிலேயே இறக்கிவிடுகிறது. சில பிரஷர் மாத்திரைகள் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்தை விடுவதற்கென்றே செய்தவை. அவற்றை உடைத்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். ஆபத்து! இருமல் சிரப்பைக் குலுக்கச் சொல்வது ஏன்? சிலவற்றில் மருந்து அடியில் தங்கிவிடும் — குலுக்காவிட்டால் முதல் கரண்டியில் வெறும் இனிப்பு, கடைசிக் கரண்டியில் மொத்த மருந்தும்.

மாத்திரையின் வடிவம் அழகுக்காக இல்லை, போகும் வழிக்காக. நமக்கோ கையில் எது கிடைத்தாலும் உடைத்து, இடித்து, கரைத்துப் பார்க்க வேண்டும். இடிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

போன வாரம் டாக்டரிடம் போனோம். எரிச்சல் நன்றாகவே அடங்கியிருந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குக் குழாய் வேணாம்" என்றார். வெளியே வந்ததும் இவர் முதல் வேலையாக இட்லிக் கடைக்குள் நுழைந்தார்.

மறுநாள் காலை, இவர் மறந்துவிட்டுப் போன கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். ஒரு பெண் வந்து சின்னக் கல்வம் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இது போதும்ணா. எங்க மாமனாருக்கு மாத்திரை இடிச்சுக் குடுக்கணும்."

இவர் கல்வத்தை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மறுபடி தட்டில் வைத்தார்.

"எந்த மாத்திரைம்மா? இடிக்கலாமானு மெடிக்கல்ல கேட்டுனு வா. அப்புறம் தரேன்."

கடையில் அதுவரை போனிகூட ஆகியிருக்கவில்லை.