அதுல எந்தத் தெரு?

இங்கே ஆஸ்திரேலியாவில் சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் காவலாளி என்னைப் பார்த்தால் 'குட் மார்னிங்' சொல்வார். பை நிறையச் சாமான் இருந்தாலும் திறக்கச் சொன்னதில்லை. ஆனால் என் மகள் ஜெனியோடு அவள் வகுப்புத் தோழி மார்லி வந்துவிட்டால், அரிசி இருக்கும் வரிசை, பிஸ்கட் இருக்கும் வரிசை என்று அவள் பின்னாலேயே நடப்பார். மார்லி ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளை. நிறத்தில் என்னைவிட வெளுப்புதான். கடையைவிட்டுக் கிளம்பும்போது யாரும் கேட்காமலேயே தன் பையை அகலத் திறந்து அவர் முன் நீட்டுவாள். வீட்டில் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்களாம். ஏன் காட்டுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "கேக்கிறதுக்கு முன்னாடியே காட்டிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் சாதாரணமாக. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய அத்தை ரூபி ஆன்ட்டியைப் பள்ளி வாசலில்தான் முதலில் சந்தித்தேன். கைகொடுத்த கையோடு, "எங்கேயிருந்து வர்றீங்க? உங்க மாப் யாரு?" என்றார். 'மாப்' என்றால் இவர்கள் பேச்சில் சொந்த ஜனம். இந்தியா என்றேன். "அது பெரிய நாடாச்சே, அதுல எங்கே?" தமிழ்நாடு என்றேன். "அங்கே எந்தக் குடும்பம்?" என் முகம் கடுத்துவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இந்தக் கேள்விக்குப் பயந்தே வளர்ந்தவன் நான். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் அன்பாகத்தான் ஆரம்பிப்பார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கரிவலம்வந்தநல்லூர்."

"அதுல எங்கன?"

"சர்ச்சுக்குப் பக்கத்துல."

"பக்கத்துலன்னா, எந்தத் தெரு?"

தெருவைச் சொல்லும்வரை விடமாட்டார். சொன்னதும் 'வாங்க தம்பி' என்பது 'வாடே' ஆகிவிடும், பெஞ்சில் நடுவே ஓர் ஆள் இடம் காலியாகும். எங்கள் அப்பா கோயிலை விட்டுச் சர்ச்சுக்கு மாறினார், எங்களைப் படிக்கவைத்தார், வீட்டைக் கட்டிச் சுவருக்கு வெள்ளை அடித்தார். தெருவை அவரால் மாற்ற முடியவில்லை. அந்தக் கேள்வி எட்டாத இடம் என்று நம்பித்தான் நான் விமானம் ஏறினேன்.

ஜெனிதான் எனக்கு விளக்கினாள். "அப்பா, அவங்க யாரைப் பாத்தாலும் அப்படித்தான் கேப்பாங்க. நமக்குச் சொந்தமா இருக்குமோன்னு தேடுறாங்க." பழங்குடிக் குழந்தைகளை ஒரு காலத்தில் அரசாங்கமே பெற்றவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. ரூபி ஆன்ட்டியின் அம்மாவும் அப்படிப் போனவராம். காணாமல் போனவர்களை இன்னும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இது தெரியாமல் அவரிடம் முகத்தைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஊரில் இருக்கிறவர்கள் போனில் கேட்கிறார்கள், அங்கே அதெல்லாம் கிடையாதுதானே என்று. அந்தத் தெருக் கேள்வி எனக்கு முன்பே இங்கே வந்து இறங்கிவிட்டது என்பதுதான் பதில். வாசுதேவநல்லூர்க்காரரான செல்வம் அண்ணாச்சிதான் இந்த ஊரில் எங்களுக்கு இருக்கிற ஒரே தமிழ்த் துணை. காய்ச்சல் என்றால் ரசம் கொண்டுவருவார். வந்த நாளிலிருந்து என் தெருவையும் தேடிக்கொண்டிருக்கிறார். 'டவுன் பக்கந்தான் அண்ணாச்சி' என்று நான் நழுவிக்கொண்டிருக்கிறேன். ஜெனியின் பிறந்தநாளுக்கு மார்லியும் வருகிறாள் என்றதும் போனில் குதித்தார்.

"ஏன் வே, அந்தக் கூட்டத்தையா வீட்டுக்குள்ள விடப்போறீரு? கை சுத்தம் கிடையாது வே. நம்ம பிள்ளைய நாமதான் பாத்துக்கிடணும்."

"அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசிருக்கீங்களா அண்ணாச்சி?"

"பேசித்தான் தெரியணுமாக்கும்? ஊரே சொல்லுதுல்லா."

ஊரே சொல்லுது. எங்களைப் பற்றியும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'நம்ம பிள்ளை' என்கிறாரே, தெரு தெரிந்தால் ஜெனி அதில் இருப்பாளா? அவர்மேல் எரிச்சல், பதில் சொல்லாமல் போனை வைத்த என்மேலும் எரிச்சல்.

ஆனாலும் பிறந்தநாளன்று அண்ணாச்சி குடும்பத்தோடு வந்துவிட்டார். மார்லி சோபாவில் உட்கார்ந்ததும் அவர் மனைவி தன் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மார்லி அதைப் பார்த்தாள். பிரியாணி சாப்பிட்டாள், ஜெனியோடு கேக் வெட்டினாள், போட்டோவுக்குச் சிரித்தாள். சாயங்காலம் ரூபி ஆன்ட்டி கூட்டிப்போக வந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட மார்லி என் முன்னால் வந்து நின்று பையை அகலத் திறந்தாள்.

உள்ளே ஒரு சீப்பும், போனும், ஜெனி மடித்துக் கொடுத்த கேக்கும் இருந்தன. என் வீட்டு வாசலில் நான் காவலாளியாக நின்றேன். "வேண்டாம் மக்கா, மூடு" என்று தமிழிலேயே சொன்னேன். வெட்கத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

பிறகு ரூபி ஆன்ட்டியிடம் திரும்பி, ஹாலில் இருக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். "அன்னைக்கு என் ஜனம் யாருன்னு கேட்டீங்களே ஆன்ட்டி. எங்க ஊரு கரிவலம்வந்தநல்லூர். காலனித் தெரு. ஞானமுத்து மகன்."

அவர் கண்ணைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். "அங்கே எனக்கு யாரையும் தெரியாதேப்பா" என்றார் வருத்தமாக. என் தோளைத் தட்டிவிட்டு, மார்லியைக் கூட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

ஹாலில் அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. வெளியே கார் போய்விட்டது. நான் கதவைப் பிடித்தபடி, எந்தப் பக்கமும் கால் வைக்காமல் நிலைப்படியிலேயே நின்றேன்.