பக்கத்து வீட்டு ஏசித் தண்ணீர்

டொப், டொப் என்று தகரத்தில் விழும் அந்தச் சத்தம் எனக்கு இன்றும் எரிச்சலைத்தான் தருகிறது. ஓமானில், சோஹாரில் நாங்கள் இருந்த பழைய வில்லாவை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். மறுபாதியில் குடியிருந்த குளச்சல்காரி, நர்ஸ் ஸ்டெல்லாக்காவின் ஜன்னல் ஏசி எங்கள் வாசல் பக்கம் பிதுங்கிக்கொண்டு, வெயில் காலம் முழுக்க இராப்பகலாகச் சொட்டும். "அடுத்தவ ஊட்டுத் தண்ணி எம்பட வாசல்லதான் உழுகோணுமா?" என்று அம்மா தினமும் சுவருக்குக் கேட்கும்படி சொல்வாள்.

மூலனூர்க்காரியான அம்மா, கண்வலிக் கிழங்கு ஒன்றைப் புடவை மடிப்பில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்து, வாசலில் ஈரம் இருந்த ஒரே இடமான அந்தச் சுவரோரம் நட்டாள். பாடப்புத்தகத்தில் செங்காந்தள் என்று போடுவார்களே, அதுதான். ஊரில் காட்டிலும் வேலியிலும் மழை கண்டால் தானே முளைத்து, காய்ந்தால் மண்ணுக்குள் படுத்துக்கொள்ளும். ஸ்டெல்லாக்கா எட்டிப் பார்த்து, "இந்த வெசக் கெழங்க என்னத்துக்கு நட்டிய? வீட்டுல வச்சா சண்டதான் வரும்" என்றார். சண்டை ஏற்கெனவே வந்துவிட்டது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மே மாதம் கொடி தலைகாட்டும். ஜூனில் பள்ளி விடுமுறை விட்டதும் நாங்கள் ஊருக்குப் பறந்துவிடுவோம். திரும்பி வரும்போது பூ முடிந்து காய் தொங்கும். "செவசெவன்னு பூத்துக் கெடந்துச்சு, பாக்கத்தான் ஆளில்ல" என்று ஸ்டெல்லாக்கா வேண்டுமென்றே வாசலில் நின்று சொல்லும்போது அம்மாவுக்கு வயிறு எரியும். நட்டவள் ஒருத்தி, பார்த்தவள் ஒருத்தி. அந்த வெயிலில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அது எப்படிப் பிழைத்தது என்று மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. "எங்கூருக் கெழங்கு, கெட்டி" என்பாள் அம்மா.

பிறகு ஒரு மார்ச்சில், மாவு வடகம் காயவைத்த தட்டில் அந்தத் தண்ணீர் தெறித்ததென்று பெரிய ரகளையாகி, அம்மா "நாத்தூர்" என்று நாங்கள் கூப்பிடும் காவலாளியைக் கூட்டிவந்து, ஏசிக்குக் குழாய் மாட்டித் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பவைத்தாள். அந்த வருடம் பார்த்துத்தான் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்குப் போகாததற்கு அம்மா வருந்தவேயில்லை. இந்தத் தடவை பூவைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று மொட்டைமாடித் தொட்டியின் கொதிக்கும் உப்புத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவைத்து ஊற்றினாள். கொடி முழங்கால் உயரம் வந்தது; இலை நுனி கருகியது; மொட்டு வைக்கவில்லை.

"எனக்க ஏசித் தண்ணி குடிச்சு வளந்த செடியாக்கும். கொழாய மாட்டுனது நீங்கதான?" என்றார் ஸ்டெல்லாக்கா. அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. குழாயைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவராவது கழற்றியிருக்கலாம், கழற்றவில்லை. நடுவில் கொடி காய்ந்தது. அடுத்த வருடம் முளைக்கவே இல்லை.

இப்போது நான் வேலை பார்ப்பதும் இதே சோஹாரில்தான். அந்த வில்லாவை இடித்துவிட்டார்கள். என் ஃப்ளாட்டின் ஏசித் தண்ணீர் சுவருக்குள்ளேயே ஓடிவிடுகிறது, ஒரு சொட்டு வெளியே விழாது. ஊரிலிருந்து போன் செய்யும் அம்மா, "அந்தப் பொம்பள இன்னும் அங்கதான் இருக்கறாளா?" என்று மறக்காமல் கேட்கிறாள். இருக்கிறார். எங்கள் வாசலில் அந்தக் கொடி பூத்து நின்றதைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லவும் சொல்வார். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் கூப்பிடப் போவதில்லை.