மஞ்சுளா போட்டுவைத்த கதிரை

லண்டனில், லூயிஷாம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மஞ்சுளா போய்விட்டார். காயைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றேன். இன்று அவருக்கு அஞ்சலி செய்ய வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வந்த பெண். எனக்கோ, ஆறு வருடம் சளைக்காமல் சண்டை பிடித்த சக ஊழியர்.

போதைமருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்காக ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்க் கைநூல் தயாரித்தோம். நான் எழுத, அவர் சரிபார்ப்பார். என் தமிழில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவரோ மேசைக்கு எதிரே வெறும் கதிரையொன்றைப் போட்டுவிட்டு, "அண்ணை, இதில பிள்ளையைச் சிகிச்சைக்குக் கூட்டிவந்த ஒரு தாய் இருக்கிறா எண்டு நினைச்சு வாசியுங்கோ" என்பார். மருந்தை நிறுத்தியதும் வரும் நடுக்கத்துக்கும் வாந்திக்கும் 'விலகல் குறிகள்' என்று எழுதியிருந்தேன். "அந்தத் தாய்க்கு இதில என்ன விளங்கும்? 'நிப்பாட்டினா உடம்பு படுத்துற பாடு' எண்டு எழுதுங்கோ." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திருத்தினேன்.

'போதை அடிமை' என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பேப்பரில் எல்லாம் அப்படித்தானே போடுகிறார்கள் என்று வாதாடினேன். "ஏலாது அண்ணை. ஒரு தாயின்ர முகத்தைப் பார்த்து அதை நான் சொல்லமாட்டன்" என்றார்.

அந்த நாட்களில் என் மகன் கனடாவில் படிக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனோ மோர்டனில், எங்கள் வீட்டு மேல்மாடி அறையில், ஹெரோயினோடு கிடந்தான். அவன் மேல் இருந்த கோபம் முழுவதையும் அந்தச் சொல்லில்தான் கொட்டியிருந்தேன். மூச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்த பிறகுதான் அவனை அதே நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். மனைவிக்கு ஆங்கிலம் குறைவு. டொக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், என்னால் முடியவில்லை. மஞ்சுளாவைக் கூப்பிட்டார்கள். என்னைக் கண்டு திடுக்கிட்டதாக அவர் காட்டிக்கொள்ளவேயில்லை. மனைவிக்குப் பக்கத்தில் இருந்து, "அக்கா, பிள்ளைக்கு வருத்தம், இது ஒரு நோய்தான். இதுக்கு மருந்திருக்கு. கன காலம் எடுக்கும், ஆனா மாற ஏலும்" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் கைநூலில் 'போதை அடிமை' இருந்த இடமெல்லாம் நானே வெட்டினேன். மஞ்சுளா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கதையை வெளியே யாரிடமும் சொல்லவுமில்லை. அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

மகன் இடையில் இரண்டு முறை விழுந்தெழும்பி, இப்போது வேலைக்குப் போகிறான். போன கிழமை, கைநூலில் என் நம்பரைப் பார்த்துவிட்டு வெம்பிளியிலிருந்து முன்பின் தெரியாத தகப்பன் ஒருவர் போன் எடுத்தார். "எழுதுற ஆக்களுக்கு இந்த வேதனை எங்க விளங்கப்போகுது?" என்று அழுதார்.

"எனக்கும் வீட்டில அப்பிடியொரு பிள்ளை. கதையுங்கோ, கேக்கிறன்" என்றேன்.

இதைச் சொல்லும் வாயை எனக்குத் தந்துவிட்டுப் போனவர் மஞ்சுளா.