அவள் வெட்டிய விடை

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகம் கற்பிக்கிறேன். ஒருநாள் வகுப்பில், ஐதரசன் அணுவின் இலத்திரன் மூன்றாம் சக்தி மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது வெளிவிடும் ஒளியின் அலைநீளத்தைக் கணித்து, 252 நனோமீற்றர் என்று பலகையில் எழுதினேன்.

ருஷ்தா எழுந்தாள். "சேர், அது கண்ணுக்குத் தெரியாத ஒளிதானே? கேள்வியில சிவப்பு எண்டு இருக்கு."

"அப்ப நீர் வந்து படிப்பியும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு இரண்டு வாரம் அவள் வரவில்லை. அதே கணக்கை இன்னொரு வகுப்புக்குச் செய்தபோதுதான் என் பிழை தெரிந்தது. இரண்டு மட்டங்களின் சக்திகளைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தேன். சரியான விடை 656. சிவப்பேதான்.

அன்று பின்னேரமே மாளிகாவத்தையில் ருஷ்தாவின் குடும்பம் இருந்த தொடர்மாடி வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் கதவைத் திறந்தார். "பிசிக்ஸ் தனக்குச் சரிவராதாம் சேர். விடப்போறன் எண்டு சொல்றா."

பின்னால் வந்து நின்றவளிடம், "பிழை விட்டது நான்தான், ருஷ்தா" என்றேன்.

அவள் உள்ளே போய்க் கொப்பியை எடுத்துவந்தாள். அதில் 656 என்று எழுதி, பிறகு கோடு போட்டு வெட்டியிருந்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும் சேர். அதான் வெட்டிட்டன்."

அடுத்த வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கணக்கை அவளே பலகையில் செய்து காட்டினாள். தன் விடையை வெட்டிவிடும் அளவுக்கு ஒரு பிள்ளை என்னை நம்பியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது.