காஜா இருந்த கோட்டு

தையல்காரன் சொல்லும் பொய்களில் மிகப் பழையது, "காஜா எடுக்கிற ஆள் வரல" என்பது. பட்டன் துளையைச் சுற்றி நூல் போடுவதைத்தான் காஜா என்போம். அதற்கென்று ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். துணி தயாராகாத நாட்களில் பழி முழுக்க அவர் மேல் போகும். மரக்காணத்தில் கடை நடத்தியபோது பல வருடம் இந்தப் பொய்யைச் சொன்னேன். ஒருமுறை மட்டும் கெட்ட எண்ணத்தோடு சொன்னேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று அதை எழுதுகிறேன்.

அது 2005. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகப் பழந்துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அப்படி ஒரு மூட்டையில் இருந்த ஸ்கர்ட் சூட்டோடு வசந்தி கடைக்கு வந்தாள். சாம்பல் நிறத்தில் முழங்கால் வரை ஸ்கர்ட், அதே துணியில் கோட்டு. உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையின் மகள் அவள். பிளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்திருந்தாள். ஆரோவில் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்களாம்.

"மாஸ்டர், இத தெனமும் போட்டுக்கினு பஸ்ல போற மாதிரி பண்ணிக் குடுங்க. திங்கக்கெழம போவணும்."

கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏம்மா, உப்பளத்துக்குப் புது கலெக்டர் நீதானா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"ஆமாண்ணே, மனு இருந்தா எழுதி எடுத்தாங்க" என்றாள் வசந்தி.

நான் பி.ஏ. படித்தவன். சென்னையில் பெரிய சூட் கடையில் கட்டிங் பழகியவன். சூட் விறைப்பாக நிற்க வேண்டும், கோட்டையும் ஸ்கர்ட்டையும் தனித்தனியாகப் போடக் கூடாது என்பது அங்கே பாடம். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில், உப்பளத்து வீட்டுப் பெண் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. சூட்டை மேசைக்கு அடியில் போட்டேன். தொடவே இல்லை.

ஞாயிறு மாலை வந்தாள். "காஜா ஆள் வரலம்மா" என்றேன். மேசைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க மாஸ்டர்" என்று போய்விட்டாள்.

செவ்வாய் மதியம் அஞ்சலை உப்பளத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். கணுக்கால் வரை உப்பு வெளுத்திருந்தது.

"டெய்லரே, துணி சரியில்லன்னு எம் பொண்ண உள்ள தலகாணி உறை மாத்த வுட்டுட்டாங்க. கோட்டு எங்க?"

"காஜா ஆள்..."

அவளே குனிந்து எடுத்து உதறினாள். "இன்னாய்யா காஜா? இதுல ஏற்கெனவே காஜா இருக்குது, பட்டனும் இருக்குது!"

வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிப் பழகியவனுக்கு, துணியைப் பார்த்துப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஊரு சிரிக்குமேன்னு..." என்று இழுத்தேன்.

"நான் இருவது வருஷமா பொடவ மேல ஆம்பள சட்ட போட்டுக்கினு இந்த ரோட்டுல போறேன். எவன் சிரிச்சான்? நீ சிரிச்சியா?"

வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் போடும் சட்டைதான். அன்றுதான் அதைத் தையல்காரன் கண்ணால் பார்த்தேன். வேலை முடிந்து வந்ததால் கையை முழங்கை வரை சுருட்டி, பட்டனைத் திறந்து விட்டிருந்தாள். சட்டை தோள் தளர்ந்து உடம்போடு கிடந்தது. எந்த உடுப்பின் மேலும் போடலாம், எங்கேயும் போகலாம்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். கோட்டின் ஷோல்டர் பேடையும், விறைப்புக்காக உள்ளே வைத்திருந்த கேன்வாஸையும் உருவினேன். வழவழப்பான லைனிங்கை எடுத்துவிட்டு, முதுகுக்கு மட்டும் மெல்லிய காட்டன் கொடுத்தேன். பித்தளைப் பட்டன்களுக்குப் பதில் சாதாரணக் கறுப்புப் பட்டன். கையைச் சுருட்டினால் நிற்கும்படி ஒரு பட்டி. ஸ்கர்ட்டில் மடிப்பை இறக்கி, கீழே கறுப்புத் துணி சேர்த்துக் கணுக்கால் வரை நீட்டினேன். பஸ் படி ஏற வசதியாகப் பின்னால் விரிந்து கொடுக்கும் ஒரு ப்ளீட். சாயங்காலம் கொடுத்தபோது, "ரெண்டையும் சேத்தே போடணும்னு இல்ல. கோட்ட சுடிதார் மேல போடட்டும், பாவாடைக்கு வெள்ளச் சட்ட போடட்டும்" என்றேன்.

"இத ஞாயித்துக்கெழமயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் அஞ்சலை.

புதன் காலை பஸ் ஸ்டாப் எதிரே நின்று பார்த்தேன். பட்டனைத் திறந்துவிட்டு, கையைச் சுருட்டி, கோட்டு வசந்தியின் உடம்பில் அவள் அம்மாவின் சட்டையைப் போலவே கிடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "உள்ள போம்மா, உள்ள போ" என்று எல்லோரையும் விரட்டுவது போலத்தான் கண்டக்டர் அவளையும் விரட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வியாழக்கிழமை அவளை முன் மேசையில் உட்கார வைத்தார்கள். வேலையும் நிலைத்தது.

மறு வருடம் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். மனது கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மாஸ்டர். கோட்டுல காஜா இருக்குறது குடுக்கும்போதே தெரியுமே."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டா கோவிச்சிக்கினு தச்சிக் குடுக்க மாட்டீங்களோன்னு பயந்தேன்" என்று சிரித்தாள்.

எத்தனை பேர் அந்த மாதிரி "சரிங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அன்று யோசித்தேன். எல்லோரும் நம்பினார்கள் என்றே நினைத்திருந்தேன். அவளுடைய ஜாக்கெட்டைச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே கொடுத்தேன். அதன் பிறகு காஜா எடுக்கிறவர் பெயரை ஒருமுறைகூட இழுத்ததில்லை. தாமதமானால், "நான் தைக்கல" என்றுதான் சொன்னேன்.