அண்ணி காவல் காத்த சுவர்

என் அண்ணி பாறைகளுக்குப் பெயர் வைப்பவர். நான் இரும்புச் சுரங்கத்தில் பாறைகளுக்கு வெடி வைப்பவன். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் இருந்தால் சாப்பாட்டு மேசை என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தின் வடக்குச் சுவரில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாய் இரும்புப் பாறை, இரண்டு அடுக்கு. நடுவே வெள்ளைப் பாறை. மேல் அடுக்குக்கு ஒரு பெயர், கீழ் அடுக்குக்கு வேறொரு பெயர். இரண்டும் அண்ணி வைத்தவை. ‘இரண்டும் ஒரே பாறைதான், ஒரு பெயரை எடுத்துவிடலாம்’ என்ற சக புவியியலாளர்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். அவருக்கு இருந்த ஒரே சாட்சி, இரண்டையும் வெள்ளைப் பாறை பிரித்துக் காட்டும் அந்தச் சுவர். அதைத் தகர்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

வெடிக்கு முன் எல்லோரும் விலகச் சொல்லும் சங்கு ஊதியாகிவிட்டது. அண்ணி சுவரடியை விட்டு நகரவில்லை.

“அண்ணி, குழி பூரா மருந்து போட்டாச்சு. விளையாடாதீங்க.”

“என்னையும் சேர்த்து வெடி.”

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வழி நெடுகத் திட்டினார். வெடிப் பொத்தானை அழுத்தினேன்.

புழுதி அடங்கியது. உள்ளே புதிதாகத் தெரிந்த பாறையில், மேல் அடுக்கு மடித்த போர்வைபோல வளைந்து இறங்கிக் கீழ் அடுக்கோடு சேர்ந்திருந்தது. இரண்டும் ஒன்றேதான். எனக்கே புரிந்துவிட்டது.

அண்ணி சட்டென்று இடுப்பிலிருந்த சுத்தியலை உருவிக்கொண்டு திரும்பினார்.

“என்ன மசமசன்னு நிக்கறே? மருந்து மிச்சம் இருக்கா? இன்னும் கொஞ்சம் உடை. மடிப்பு எங்க போகுதுன்னு பார்க்கணும்!”